பொறியியற் கல்வியில் விஆர் சாதனங்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மொன்றியல் மாநகரில் பொறியியல் கற்றும் கற்பித்தும் அதையே தொழிலாகக் கொண்டும் வாழும் தமிழர்களின் சங்கமாகிய நாங்கள், பொறியியற் கல்விக்கென விஆர் எனப்படும் மெய்நிகர் சாதனங்களை ஆக்கும் முயற்சி நாளுக்கு நாள் பெருகிவருவதை மகிழ்ச்சியுடன் வரவேற்பதோடு, அவை எந்த நோக்கத்தை முன்னிட்டு வடிவமைக்கப்பட வேண்டும் என்பது பற்றிய எங்கள் அபிப்பிராயத்தையும் இங்கே பகிரங்கமாகத் தெரிவிக்கிறோம். மாணவர் உயிராபத்தின்றித் தவறு செய்யவும், செய்த தவறின் காரணத்தைத் தாமே துருவிக் கண்டறியவும் இடமளிக்கும் சாதனமே எங்கள் ஆதரவுக்கு உரியது. கண்ணுக்கு விருந்தளித்துவிட்டு ஓய்ந்துபோகும் சாதனத்துக்குக் கல்விப் பணத்தைச் செலவிடுதல் வீண் விரயம் என்றே கருதுகிறோம்.

இதற்கு ஆதாரம் தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அயல்நகராகிய லவாலில் 1970இல் கட்டப்பட்ட கொன்கோர்ட் மேம்பாலம் 2006 செப்டம்பர் 30ஆம் தேதி நண்பகலுக்குச் சற்றுப் பின் இடிந்து விழுந்து ஐந்து பேரைப் பலிகொண்டது. பியர் மார்க் ஜோன்சன் தலைமையிலான விசாரணை ஆணையம் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த பல காரணங்களை எடுத்துரைத்தது. பாலத்தின் நடுப்பகுதியைத் தாங்குவதற்காக இரு பக்கங்களிலிருந்தும் நீண்டு நின்ற கொங்கிறீட் பகுதிகளுள், சுமையை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டிய இரும்புக் கம்பிகள் உரிய மட்டத்தில் வைக்கப்படாமையால், உள்ளே ஒரு பலவீனமான தளம் உண்டாயிற்று. அக்காலத்து விதிகள் அத்தகைய தடித்த பலகைக்கு வெட்டுவிசைக் கம்பிகளை வற்புறுத்தவில்லை. கொங்கிறீட்டோ, கியூபெக்கின் பனியையும் உறைவையும் சாலையில் தூவும் உப்பையும் தாங்கும் தரத்தினதாக இல்லை. இவை யாவும் சேர்ந்து, வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிளவைப் பல்லாண்டுகளாக உள்ளுக்குள் வளர்த்துவந்தன.

அன்று காலை கொங்கிறீட் துண்டுகள் உதிர்ந்து கிடப்பதாகச் செய்தி கிடைத்து வந்த சாலைக் கண்காணிப்பாளர் ஒருவர், துண்டுகளை அப்புறப்படுத்தி, பின்னர்ப் பரிசோதிக்கும்படி அறிவித்துச் சென்றார், பாலம் மூடப்படவில்லை, சுமார் ஒரு மணி நேரத்தில் அது விழுந்தது. அவரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும், விஆர் கண்ணாடி அணிந்த மாணவரை அந்தப் பாலத்தடியில், காலடியில் துண்டுகள் கிடக்க, தலைக்கு மேலே வாகனங்கள் உருளும் ஓசை கேட்க நிறுத்தி, ‘இப்போது என்ன செய்வீர்?’ என்று கேட்கும் பாடம் அவசியம் ஆக்கப்பட வேண்டும் என விரும்புகிறோம். அதன் பின் அம்மாணவர் கொங்கிறீட்டுக்கு உள்ளேயே சென்று, கம்பியை உரிய மட்டத்துக்கு உயர்த்தி, பிளவு செல்லும் வழி எப்படி மாறுகிறது என்று பிரத்தியட்சமாகக் காணட்டும். கரும்பலகையும் ஆய்வுகூடமும் செய்ய இயலாத காரியம் இது ஒன்றே; இதற்காகவே இச்சாதனத்தை நாடுகிறோம்.

ஆனால் விஆரில் தோன்றும் பிளவு, அதை இயற்றியவர் எழுதிய சமன்பாட்டின்படியே செல்லும் என்பதை மறந்துவிடலாகாது. 1947இல் தோன்றி இன்றும் மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் சிஏஇ நிறுவனத்தின் விமானப் பாவனைப் பொறிகள், உண்மையான விமானத்தில் பதிவான அளவீடுகளோடு ஒப்பிட்டு அதிகாரிகள் அங்கீகரித்த பின்னரே விமானிகளின் பயிற்சிக்கு வருகின்றன. பொறியியல் வகுப்புக்கென விற்கப்படும் செயலிகளை அவ்விதம் உரைத்துப் பார்க்கும் சம்பிரதாயம் இன்னும் வேரூன்றவில்லை. ஆகையால், மாணவர் முதலில் ஆய்வுகூடத்தில் ஒரு சிறு உத்தரத்தைத் தம் கையாலேயே சுமையேற்றி முறிய விட்டு, அந்த முறிவின் ஓசையைக் காதால் கேட்டு, அளவுகளைக் குறித்துக்கொண்ட பிறகே கண்ணாடியை அணிய வேண்டும். இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கி எழுதுவதற்கே மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். செயன்முறை வகுப்புகளின் மணிநேரத்தைக் குறைப்பதற்கு விஆரைச் சாக்காகக் காட்டும் எந்த ஏற்பாட்டையும் எதிர்க்கிறோம். (மண்ணையும் சிமெந்தையும் தொடாமலே ஒருவர் கட்டடப் பொறியியலாளர் ஆகிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கட்டும் வீட்டில் குடியிருக்க நாங்கள் தயாரில்லை.)

தலைசுற்றலாலோ பார்வைக் குறையாலோ கண்ணாடியை அணிய இயலாதவருக்கு, அதே பாடம் சாதாரணத் திரையில், மதிப்பெண் குறையாமல் கிடைக்க வேண்டும். இவ்விஷயத்தில், 2009இல் தொடங்கிய இந்திய அரசின் ‘விர்ச்சுவல் லாப்ஸ்’ திட்டம், உபகரணங்களற்ற கல்லூரிகளின் மாணவரும் வெறும் கணினியிலேயே பரிசோதனை செய்து பார்க்க வழிவகுத்தமை, ஆடம்பரமின்றியும் பயன்தர முடியும் என்பதற்குத் தக்க சான்றாகும்.

கொள்முதல் செய்யும் கல்வி ஸ்தாபனங்களிடம் நாங்கள் வேண்டுவன இரண்டு. முதலாவதாக, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தலையில் அணியும் தன் ஹோலோலென்ஸ் 2 கருவியின் உற்பத்தியை 2024இல் நிறுத்திவிட்டமையை நோக்குமிடத்து, ஒரே கருவியை நம்பி ஆக்கப்படும் பாடம் அக்கருவியோடு மடியும் என்பது தெளிவு. எனவே 2019இல் வெளியான ஓப்பன்எக்ஸ்ஆர் போன்ற பொதுத் தரத்துக்கு அமையவே செயலிகள் எழுதப்பட வேண்டும். இரண்டாவதாக, சில கண்ணாடிகள் விழி எங்கே நிலைக்கிறது என்பதைக்கூடப் பதிவு செய்வதால், தனிநபர் தகவல்களைக் காக்கும் கியூபெக்கின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் நோக்கத்துக்கு அமைய, எந்தத் தகவல் எதற்காகத் திரட்டப்படுகிறது, எப்போது அழிக்கப்படும் என்பதை மாணவருக்கு அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விற்பனையாளர் எழுத்தில் உடன்படாத கொள்முதல் எதற்கும் எங்கள் உறுப்பினர்கள் தொழில்நுட்பப் பரிந்துரை வழங்கமாட்டார்கள்.