முதல் ஒரு மணி நேரம் யாருடையது?

வீட்டுக்குப் புது செல்போன் வருகிறது. அம்மாவுக்காக வாங்கியது. பெட்டியைப் பிரிப்பது யார்? மகன். சிம் கார்டு போடுவது யார்? மகன். ஜிமெயில் கணக்கு தொடங்குவது, பாஸ்வேர்டு வைப்பது, வாட்ஸப் ஏற்றுவது, பணம் அனுப்பும் செயலியில் வங்கிக் கணக்கை இணைப்பது... எல்லாம் மகனே! திரையில் ஏதாவது கேட்டால் படித்துக்கூடப் பார்க்காமல் "சம்மதம்", "சம்மதம்" என்று தட்டிக்கொண்டே போகிறான். கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது. கடைசியில் போனை நீட்டி, "பச்சையைத் தொட்டா பேசலாம், சிவப்பைத் தொட்டா கட் ஆயிடும். மத்ததை எதுவும் தொடாதம்மா" என்று ஒரு பாடம். அவ்வளவுதான், பயிற்சி நிறைவு பெற்றது!

பெரும்பாலான வீடுகளில் ஒரு புதிய கருவி இப்படித்தான் நுழைகிறது. இதில் மகனுடைய பாசத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த முதல் ஒரு மணி நேரம் யாருடையது? கருவியைப் பயன்படுத்தப் போகிறவருடையது. அதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டால், கருவி மட்டும்தான் அம்மாவுக்குக் கிடைக்கிறது. அதன் மீதான உரிமை கிடைப்பதில்லை.

கருவிகளைச் செய்தவர்களுக்கு இந்த முதல் மணி நேரத்தின் அருமை ஒரு காலத்தில் நன்றாகவே தெரிந்திருந்தது. 1984-இல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதனுடன் ஒரு ஒலிநாடா கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தது. மவுசை எப்படிப் பிடிப்பது, எப்படி நகர்த்துவது என்று அந்தக் குரல் நிதானமாகச் சொல்லிக் கொடுக்கும். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-வில் சாலிடேர் என்ற சீட்டு விளையாட்டு இருந்தது. அதை எழுதியவர் வெஸ் செர்ரி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தபோது எழுதினார். அந்தச் சீட்டுகளை இழுத்து இழுத்து வைத்துத்தான் உலகெங்கும் பல அலுவலக ஊழியர்களுக்கு மவுஸ் பிடிக்கும் பழக்கம் கைவந்தது. தோற்றாலும் நஷ்டமில்லை, மறுபடியும் ஆடலாம். எதைக் கற்கவும் இப்படித் தவறு செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும்.

இன்றைய செல்போனில் அந்த இடம் எங்கே இருக்கிறது? திறந்த முதல் நிமிடத்திலேயே அது கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கட்டுமா? இருப்பிடத்தை அறியட்டுமா? கேமராவைப் பயன்படுத்தட்டுமா? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-வில் இருந்து, இப்படிப்பட்ட அனுமதிகளைச் செயலிகள் தேவைப்படும் நேரத்தில் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்கும்போது பதில் சொல்வது மகன். விளைவை அனுபவிப்பது அம்மா!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பணம்.

யுபிஐ முறை 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2000 கோடிக்கும் அதிகமான பரிமாற்றங்கள் அதன் வழியாக நடந்தன. இளநீர் விற்பவர், பூக்காரம்மா, தள்ளுவண்டி இட்லிக் கடை என்று எல்லா இடத்திலும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் தொங்குகிறது. இவர்களில் எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில் ரகசிய எண்ணைப் போட வேண்டும், எந்த நேரத்தில் போடவே கூடாது என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

விதி மிகவும் எளிது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர உங்கள் எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவர் திருடர். இதை இளைஞர்கள் தொழில்நுட்ப மொழியில் விளக்கப் போய்க் குழப்பிவிடுகிறார்கள். ஆனால் கடைக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாஷை ஒன்று இருக்கிறதே! வரவு, செலவு. நாற்பது வருடம் கணக்கு நோட்டு எழுதியவரிடம், "இந்த எண் உங்கள் கையெழுத்து மாதிரி. நம் பணத்தைக் கொடுக்கத்தான் செக்கில் கையெழுத்துப் போடுவோம். நமக்கு ஒருவர் தரும் பணத்துக்கு நம் செக்கில் கையெழுத்துப் போடுவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த நொடியில் புரிந்துகொள்வார். அவருக்குப் புரியாமல் இருந்தது பணம் அல்ல, திரை மட்டுமே.

கணக்கு மென்பொருளிலும் இதே கதைதான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது, அதுவரை நோட்டில் எழுதிய பல சிறு கடைகள் அவசர அவசரமாகக் கணினிக்கு மாறின. வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. புதிய முறைக்கு மாறும்போது பழையதை உடனே நிறுத்தாதே, சில காலம் இரண்டையும் சேர்த்து நடத்து, மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார். டாலி போன்ற மென்பொருளில் உரிமம் வாங்காமலே பழகிப் பார்க்கக் கல்வி முறை ஒன்று இருக்கிறது. அதில் மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும். கற்றுக்கொள்ள அது போதும். ஒரு கற்பனைக் கடையை உருவாக்கி, கண்டபடி பதிவு போட்டு, அழித்து, மறுபடி போட்டுப் பார்க்கலாம். யாருடைய பணமும் போகாது.

"அதெல்லாம் சரி, பெரியவர்களுக்கு இது ஏறாது, நேரமும் இல்லை" என்பார்கள் சிலர். ஏறாது என்பது உண்மையா? அம்மியில் அரைத்தவர்கள்தான் மிக்சிக்கு மாறினார்கள். பிரஷர் குக்கர் எத்தனை விசில் விட்டால் எந்தப் பருப்பு வேகும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு தடவை குழைந்தது, ஒரு தடவை வேகவில்லை, மூன்றாவது தடவை சரியாக வந்தது. அப்போது "தொடாதே" என்று யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இப்போது அவர்களைத் தடுப்பது வயது அல்ல. "ஏதாவது தொட்டுக் கெட்டுப் போயிடுமோ" என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்ததே நாம்தான்.

நேரம் இல்லை என்பதற்கு வருவோம். மகன் வெளியூரில் வேலைக்குப் போகிறான். அம்மாவின் கணக்கில் ஏதோ சரி செய்ய வேண்டும். போன் செய்கிறான். "அம்மா, இப்போ ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கிற ஆறு நம்பரைச் சொல்லு." அம்மா சொல்கிறார். மாதம் ஒரு முறை இப்படி நடக்கிறது. போனில் ஒருவர் கேட்டால் ஓடிபியைப் படித்துச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? ஏமாற்றுக்காரன் அல்ல, மகன்! நாளைக்கு வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அதே வார்த்தைகளில் கேட்கும்போது, அம்மா அப்பழக்கத்தின்படி சொல்லிவிடுகிறார். பிறகு வீடே சேர்ந்து அவரைத் திட்டுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

எனவே, அடுத்த முறை வீட்டுக்குப் புதுக் கருவி வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கருவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும், உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை அவர்களே யோசித்து வைக்கட்டும். அனுமதி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அது எதைக் கேட்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேண்டாம் என்றே இருக்கட்டும். பிறகு ஒரே ஒரு ரூபாய் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு ரூபாய் திருப்பி அனுப்புங்கள். ரகசிய எண் எந்தப் பக்கம் கேட்டது, எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பத்து அறிவுரைகளை விட அந்த ஒரு ரூபாய் மேல். கடைசியாக, பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை அவர்கள் கையாலேயே சேமிக்க வைத்துவிடுங்கள்.

சைக்கிள் கற்றுக் கொடுத்தபோது அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். நமக்குப் பதிலாக அவர் ஏறி ஓட்டவில்லை. அதனால்தான் நமக்கு சைக்கிள் வந்தது.