சர்டிபிகேட் வாடகைக்கு அல்ல!



"டிப்ளமோ முடிச்சு ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுத்துட்டா பொழச்சுக்கலாம்டா!" நம் ஹாஸ்டலில் தினமும் கேட்கும் பேச்சு இது. நல்ல ஆசைதான். ஆனால்...

சென்ற விடுமுறையில், வயர்மேன் வேலை பார்க்கும் என் சித்தப்பாவோடு ஒரு புது வீட்டுக்குப் போனேன். டெஸ்ட் ரிப்போர்ட் கையெழுத்தோடு தயாராக இருந்தது.

"மெக்கர் வெச்சுப் பாக்கலையா சித்தப்பா?"

"சூப்பர்வைசர் சார்தான் கையெழுத்துப் போட்டுட்டாரேடா!"

அந்த சாரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். வீட்டை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! மாதம் ஒரு தொகைக்குத் தன் சர்டிபிகேட்டை கான்ட்ராக்டரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். சமையலறை சாக்கெட்டைக் கழற்றினேன். எர்த் வயர் இணைக்கப்படவே இல்லை. சித்தப்பா பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரே வேலை செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் அதை நேரடியாக மேற்பார்வையிட வேண்டும் என்றது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதி. பின்னர் 2010-லும் 2023-லும் வந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் அதே நிபந்தனைதான்.

கட்டணம் கட்டினால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். போன உயிர் புதுப்பிக்கப்படுமா? வேலையில்லாத நாளில் அந்த மாதப் பணம் பெரிதாகத்தான் தெரியும். இருந்தாலும், பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டோம் என்று இன்றே உறுதி எடுப்போமா நண்பர்களே?