ஐந்து நட்சத்திரமும் ஒரு சாட்சியமே

 

நம் அயனம்பாக்கமும் அதைச் சூழ்ந்த வானகரம், நொளம்பூர், அத்திப்பட்டு பகுதிகளும் அண்மைக் காலத்தில் வெகுவாக மாறிவிட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புற நிறுவனங்களிலும் பணிபுரிவோர் வெளியூர்களிலிருந்து வந்து இங்குள்ள அடுக்குமாடிகளில் குடியேறுகின்றனர். அவர்களுக்கு அண்டை வீட்டாரைத் தெரியாது. ஊர்ப் பெரியவர்களையும் தெரியாது. நல்ல இறைச்சிக்கடை எது, பர்தா தைப்பவர் யார், வலீமாவுக்கு நம்பிச் சமையல் ஒப்படைக்கத் தக்கவர் யார் என்றெல்லாம் அவர்கள் கேட்பது கைப்பேசியிடம்தான். முன்பு அண்டை வீட்டார் சொன்ன சொல்லின் இடத்தில் இன்று கூகுள் வரைபடத்தின் நட்சத்திரங்கள் நிற்கின்றன.

ஆகவே, நம் சிறுவணிகர்கள் இணையத்தில் தம் கடையை நன்முறையில் காட்டிக்கொள்ள விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. விளம்பரம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதும் அன்று. கடற்கரைப் பட்டினங்களில் கப்பலேறி வணிகம் செய்த மரைக்காயர்களின் வழிவந்த சமுதாயம் நம்முடையது. சந்தை எங்கே கூடுகிறதோ அங்கே கடை விரிப்பது வணிகரின் இயல்பு. இன்று சந்தை கைப்பேசியில் கூடுகிறது.

என் கவலை வேறொன்றைப் பற்றியது. நம் மஹல்லாக்களின் வாட்ஸப் குழுக்களில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது: நம் சகோதரர் ஒருவர் புதிதாகக் கடை திறந்திருக்கிறார், அனைவரும் இந்த இணைப்பைத் தொட்டு ஐந்து நட்சத்திரம் இடுங்கள், நன்மை கிடைக்கும் என்று. அரை மணி நேரத்திற்குள் நாற்பது பேர் இட்டுவிடுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் அக்கடையின் படியைக்கூட மிதித்தவர் அல்லர். இதைவிடத் துணிந்தவர்கள் ‘நூறு மதிப்புரை இவ்வளவு ரூபாய்’ என்று விற்கும் இடைத்தரகரிடம் பணம் கொடுத்து வாங்குகின்றனர்.

என்னிடம் ஓதும் பிள்ளை ஒருவன் தன் மாமாவின் கடைக்காக வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் இவ்வாறு இட்டதாகப் பெருமையுடன் சொன்னான். அது பொய் அல்லவா என்று கேட்டபோது, “ஹஜ்ரத், நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லையே, நட்சத்திரத்தைத் தொட்டேன், அவ்வளவுதானே?” என்றான். பிள்ளை கேட்ட இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் கேட்காமலேயே கடந்துவிடுகின்றனர்.

விளம்பரம் என்பது கடைக்காரர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் சொல். கேட்பவர் அதை அறிந்தே கேட்கிறார். வேண்டிய அளவுக்குக் குறைத்தும் எடுத்துக்கொள்கிறார். மதிப்புரை அப்படிப்பட்டதன்று. ‘நான் வாங்கினேன், உண்டேன், எனக்கு நேர்ந்தது இது’ என்று தொடர்பற்ற ஒருவர் சொல்லும் சாட்சியம் அது. அதன் மதிப்பு முழுவதும் சொன்னவர் உண்மையிலேயே வாங்கியவர் என்பதில்தான் இருக்கிறது. வாங்காதவர் இடும் நட்சத்திரம், காணாததைக் கண்டதாகச் சொல்லும் சாட்சியம். பெரும்பாவங்களை எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அந்த எச்சரிக்கை நாவுக்கு மட்டும் உரியதென்று நாம் எப்படிக் கொள்வது?

ஃபிக்ஹு நூல்களில் ‘நஜ்ஷ்’ என்றொரு பாடம் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரை ஏமாற்றுவதற்காகச் சந்தையில் பொருளின் விலையை ஏற்றிக் கேட்பது அது. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட அறிஞர்கள் அத்தகைய விற்பனை செல்லும் என்று பொதுவாகக் கூறினாலும், செய்தவர் பாவி என்பதில் ஐயம் வைக்கவில்லை. வாங்காமல் விலையை ஏற்றியவருக்கும் வாங்காமல் நட்சத்திரத்தை ஏற்றுபவருக்கும் இடையில் கருவி ஒன்றுதான் மாறியிருக்கிறது.

‘சகோதரருக்கு உதவுவது நன்மையல்லவா’ என்று சிலர் கேட்பர். நன்மைதான், ஆனால் அந்த உதவியின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். நட்சத்திரத்தை நம்பி மகளின் நிக்காஹ் விருந்தை ஒப்படைத்துவிட்டு, விருந்தினர் முன்னிலையில் தலைகுனியும் தந்தை ஒருவர் கொடுக்கிறார். பக்கத்துத் தெருவில் முப்பது ஆண்டுகளாக நேர்மையாய்க் கடை நடத்தி, யாரிடமும் நட்சத்திரம் கேட்காத இன்னொரு வணிகரும் கொடுக்கிறார். அவரும் நம் அண்டை வீட்டார்தாம். முஸ்லிமாக இல்லாவிட்டாலும் அண்டை வீட்டாருக்குரிய உரிமை அவருக்கு உண்டு.

‘எல்லாரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் பட்டியலின் அடியில் கிடப்போம்’ என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. போட்டியாளர் பகைமையால் இடும் ஒற்றை நட்சத்திரம் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கக் கூடியது. ஆனால் அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. அந்த எச்சரிக்கையில், சந்தையில் மற்றவர்களும் குறைத்தே அளக்கிறார்கள் என்பதற்காக யாருக்கும் விலக்களிக்கப்படவில்லை.

உலகச் சட்டமும் இப்போது இந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பனையாளர் தம்மை நுகர்வோராகக் காட்டி மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைப்பு, இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து பின்பற்றுவதற்கான தரநிலை அது. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், வாங்குவோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். போலி மதிப்புரைகளைக் கண்டறிந்தால் கூகுள் நிறுவனமே நீக்கிவிடுகிறது. ‘ஐந்து நட்சத்திரம் இட்டால் குளிர்பானம் இலவசம்’ என்று சலுகை கொடுத்துப் பெறுவதும் அதன் விதிகளுக்கு மாறானதே.

நட்சத்திரத்தோடு இது முடிவதில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் கூறினார்கள். இன்றைய கடையின் இணையப் பக்கம் அந்தக் குவியலின் மேற்பரப்பு. வேறெவரோ சமைத்த பிரியாணியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுவதும், நள்ளிரவில் மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஓடும் ‘இன்னும் பத்து நிமிடமே சலுகை’ என்ற கடிகாரத்தை வைப்பதும், கடைசிப் படியில் மட்டும் கூடுதல் கட்டணத்தைக் காட்டுவதும் ஈரத்தை அடியில் மறைப்பவையே.

அப்படியானால் நேர்மையான சிறுவணிகர் என்ன செய்வது? செய்யத்தக்கவை பல, அவற்றில் பெரும்பாலானவை செலவற்றவை. கூகுளில் கடையைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. திறக்கும் நேரம், ஜும்ஆவுக்காக மூடும் நேரம், ரமழானில் மாறும் நேரம் ஆகியவற்றைச் சரியாக இடுங்கள். பூட்டிய கடைக்கு வந்து திரும்பியவர் மறுமுறை வருவது அரிது. உங்கள் கடையின் படங்களையே பகல் வெளிச்சத்தில் எடுத்து இடுங்கள். விலையையும் கொண்டுவந்து தரும் கட்டணத்தையும் முதலிலேயே சொல்லுங்கள். பக்கம் தமிழிலும் இருக்கட்டும். விலை குறைந்த கைப்பேசியிலும் விரைவாகத் திறக்கட்டும். வீட்டிலிருந்தே சமைத்து விற்கும் சகோதரிகள் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைப் பெற்று, அந்த எண்ணை வெளியிடலாம். ஹலால் சான்று உள்ளவர் மட்டுமே அதன் முத்திரையை இடவேண்டும்.

மதிப்புரை கேட்பதும் தவறன்று. உண்மையில் வாங்கியவரிடம், ‘உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்’ என்று கேளுங்கள். குறை எழுதினால் சண்டையிடாமல், பொதுவிலேயே மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் காட்டுங்கள். படிப்பவருக்கு அந்த ஒரு பதில் பத்துப் புகழுரைகளைவிட அதிகம் சொல்லும்.

துணி வணிகராக வாழ்ந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்குமாறு தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரும் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மறதியால் நேர்ந்ததற்கே இப்படி என்றால், தெரிந்தே இடும் நட்சத்திரத்தைப் பற்றி என்ன சொல்வது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஐந்து நட்சத்திரம் இடுங்கள்’ என்ற செய்தி குழுவில் வந்தால், ‘ஒருமுறை சென்று வாங்குங்கள், பிறகு உள்ளதை எழுதுங்கள்’ என்று திருத்தி அனுப்புங்கள். புதிய கடைக்கு அன்று பத்து வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். பொய்யான நாற்பது நட்சத்திரங்களைவிட அவர்களே கடைக்காரருக்குப் பேருதவி.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. வல்ல அல்லாஹ் நம் சிறுவணிகர்களின் வாழ்வாதாரத்தைப் பெருக்கி, அதை ஹலாலானதாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.