தட்டைத் தள்ளும் பிள்ளை



நம் இல்லங்களில் நாள்தோறும் மூன்று வேளையும் நடைபெறும் ஒரு சிறு போரைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினேன். "என் பிள்ளை புதிதாக எதைக் கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறான்" என்று முறையிடாத தாய் நம்மில் அரிது. நானும் ஒரு காலத்தில் அப்படி முறையிட்டவள்தான். ஆனால் இன்று எழுதப் போவது பிள்ளையின் குறையை மட்டும் அன்று.

சில மாதங்களுக்கு முன் என் மகன் குடும்பத்துடன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பேத்திக்கு நான்கு வயது. வந்த இரண்டாம் நாள் பகலில் மீன் ஆணமும் முருங்கைக் கீரையும் ஆக்கியிருந்தேன். கீரையைக் கண்டதும் அவள் முகம் சுருங்கிற்று. இரு கைகளாலும் தட்டை அப்பால் தள்ளிவிட்டாள். மருமகளின் முகம் சிவந்துவிட்டது. "வாப்பும்மா உனக்கென்று ஆசையாக ஆக்கியது. வாயைத் திற" என்று ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டு சென்றாள். மாமியார் வீட்டில் தன் வளர்ப்பைக் குறை கூறிவிடுவார்களோ என்னும் அச்சம் அவள் கையின் வேகத்தில் தெரிந்தது. அதுவரை பேசாமல் உண்டுகொண்டிருந்த என் மகன், தலையை நிமிர்த்தாமலே, "விட்டுவிடு. எனக்குச் செய்ததை இவளுக்கும் செய்ய வேண்டாம்" என்றான்.

அந்தச் சொல் எனக்குரியது என்பதை நான் அறிவேன்.

1991-ஆம் ஆண்டு அவனுக்கு ஐந்து வயது. வெறும் சோற்றையும் பொரித்த மீனையும் தவிர வேறெதையும் தொட மாட்டான். இரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை கொடுங்கள் என்று மருத்துவர் கூறிவிட்டார். நான் அவனைக் கால்களுக்கிடையே இறுக்கி அமர்த்திக்கொண்டு, மூக்கைப் பிடித்து, வாய் திறந்தபோது கீரைச் சோற்றைத் திணித்தேன். மூன்றாம் நாள் உண்டதனைத்தையும் என் மடியிலேயே கக்கினான். அதற்காக அவனை அடித்தேன். நல்லது செய்வதாக நினைத்தே செய்தேன், அல்லாஹ் மன்னிப்பானாக. இன்றும் அடுப்பில் முருங்கைக் கீரை வேகும் மணம் எழுந்தால் அவன் திண்ணைக்குப் போய்விடுவான்.

இந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது? பிறந்த குழந்தைக்கு இனிப்பு பிடிக்கும், கசப்புப் பிடிக்காது. எவரும் கற்றுக்கொடுக்காமல் அமைந்த இயல்பு இது. தாய்ப்பால் இனிப்புடையது, நச்சுத் தாவரங்களில் பல கசப்பானவை. ஆறு மாதம் நிறைந்து கூழும் பழமும் கொடுக்கத் தொடங்கும்போது பெரும்பாலான குழந்தைகள் எதற்கும் வாய் திறக்கின்றன. பின்னர்ப் பிள்ளை நடக்கத் தொடங்குகிறது. தாயின் கண்ணுக்கு மறைவாகப் போய்க் கையில் கிடைத்ததை எடுத்து வாயில் போடக்கூடிய பருவம் வந்துவிடுகிறது. அந்த வேளையில், 'முன்பின் அறியாததைத் தின்னாதே' என்று உள்ளிருந்து ஒரு காவல் எழுவதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இக்காவல் வலுவாக இருக்கும். பிறகு மெல்லத் தளரும். சென்ற ஆண்டு விரும்பி உண்ட பூசணிக்காயை இவ்வாண்டு கண்டு அழுவதும் இதனால்தான்.

எல்லாப் பிள்ளைகளிடமும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. 2007-இல் இங்கிலாந்தில் எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ள இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. புதிய உணவுக்கு அஞ்சுவதில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் 78 விழுக்காடு மரபு வழியாக வருவது என்று அதில் கணக்கிட்டிருந்தனர். இதை அறிந்தபோது என் மாமியார் மர்ஹூமா அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். "என் பிள்ளை ஒரு நாளும் இப்படி அடம் பிடித்ததில்லை" என்று என்னிடம் கூறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளையாகிய என் கணவர் இன்றளவும் பாகற்காயைத் தொட்டதில்லை!

பிள்ளையின் தயக்கத்தை அடம் என்றும், அதபு இல்லாமை என்றும் நாம் எளிதாகப் பெயரிட்டு விடுகின்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது நாம் அறிந்ததே. அந்த அறிவிப்பின் முதற்பாதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், பிற்பாதியை ஏனோ சொல்வதில்லை. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சியையும் எண்ணிப் பாருங்கள். பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டிருந்தது. அது இன்னதென்று கூறப்பட்டதும் பெருமானார் (ஸல்) அவர்கள் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவினார்கள். ஹராம் அன்று, தம் கூட்டத்தார் வாழும் பகுதியில் அது இருந்ததில்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்று விடை வந்தது. காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை கண்டு பழகியதில்லை என்பது ஒன்றை உண்ணாமல் இருக்கப் போதுமான காரணம் என்று அந்த விரிப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உண்டவரும் இழிவாக எண்ணப்படவில்லை, உண்ணாதவரும் நெருக்கப்படவில்லை. ஷார்ஜாவிலும் தோஹாவிலும் வளர்ந்த பிள்ளைக்கு முருங்கைக் கீரை கண்டறியாத பொருள்தானே?

அப்படியானால் பிள்ளை எதைத் தின்கிறதோ அதையே கொடுத்துவிட்டு இருந்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதில் பெருமானாரின் பணிவிடைக்கு வந்தவர்கள். ஒரு தையற்காரர் அளித்த விருந்துக்கு அவர்களும் உடன் சென்றிருந்தார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட ஆணமும் வைக்கப்பட்டன. பெருமானார் (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) அவர்கள் கண்டார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமாகிவிட்டது என்று அவர்களே அறிவிக்கின்றார்கள். உண்ணுமாறு அவர்களிடம் எவரும் கூறியதாக அதில் இல்லை. அன்புக்குரிய ஒருவர் விரும்பி உண்பதை ஒரே தட்டில் அருகிருந்து பார்த்தார்கள்.

நெடுங்காலத்திற்குப் பின் லீயன் பெர்ச் என்னும் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் இதையொத்த ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். ஒரு காய்கறியை விரும்பாத சிறு பிள்ளையை, அதையே விரும்பி உண்ணும் பிள்ளைகளின் நடுவே நான்கு நாட்கள் பகலுணவுக்கு அமரச் செய்தார். பிள்ளையின் விருப்பம் மாறத் தொடங்கிற்று. அது 1980-இல். 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத பாலாடைக்கட்டி, பழ வகைகளை இரண்டு முறை முதல் இருபது முறை வரை கொடுத்துப் பார்த்தார். எது அதிக முறை நாவில் பட்டதோ அதையே குழந்தைகள் அதிகம் விரும்பின. கண்ணால் பார்ப்பது அச்சத்தை ஓரளவு போக்கும். சுவை பிடிக்க வேண்டுமாயின் நாவில் பட வேண்டும் என்பதும் அவருடைய பிந்திய ஆய்வில் தெரிந்தது. பத்து முறை, பதினைந்து முறை ஆகலாம். நாமோ மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இது பிடிக்காது" என்று பிள்ளையின் காதிலேயே விழும்படி அக்கம்பக்கத்தில் கூறிவிடுகின்றோம்.

பதினைந்து முறையும் கொட்டினால் வீண் விரயம் அல்லவா என்று கவலைப்படும் சகோதரிகளுக்கு ஒன்று கூறுவேன். கோலிக்குண்டு அளவு போதும். பிள்ளைக்குப் பழகிய உணவு வயிறு நிறைய இருக்கட்டும். அதன் ஓரத்தில் அச்சிறு உருண்டை இருக்கட்டும். நக்கிப் பார்க்கலாம், துப்பலாம். அதுவும் கணக்கில் ஒரு முறைதான். மிஞ்சியதை நீங்கள் எடுத்து உண்டு விடுங்கள், பிள்ளை பார்க்கும்படியாகவே. காயல்பட்டினம், கீழக்கரை விருந்துகளில் ஒரே சஹனில் பலர் கூடி உண்பதைக் காணும்போதெல்லாம், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை என்று எனக்குத் தோன்றும். இன்று பல வீடுகளில் பிள்ளைக்கு முதலில் தனியே ஊட்டி முடித்துவிட்டுப் பெரியவர்கள் பிறகு உண்கின்றோம். பிள்ளை எவரைப் பார்த்துப் பழகும்?

கைபேசியைக் காட்டி ஊட்டுவதைப் பற்றி என்ன கூற! பிள்ளையின் கண் படத்தில் இருக்கிறது. நாவில் என்ன விழுந்தது என்பதே அதற்குத் தெரியாது. வயிறு நிறையலாம், பழக்கம் வராது. 'கீரை தின்றால் மிட்டாய்' என்னும் பேரமும் அத்தகையதே. பரிசு கொடுத்துக் குடிக்கச் செய்த பானத்தின் மீது பிள்ளைகளின் விருப்பம் முன்னைவிடக் குறைந்துபோனதை 1984-இல் அதே பெர்ச் கண்டார். கூலி கொடுத்துத் தின்னச் சொல்லும் பொருள் நல்லதாக இராது என்று பிள்ளைக்கும் தெரியும் போலும்.

பசி வருவதற்கு நாம் இடம் தருகிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் ஒரு பிஸ்கட் பொட்டலம், இடையில் இரு குவளைப் பால், ஒரு பன் என்று கொடுத்துவிட்டுப் பகலில் சோறு இறங்கவில்லை என்றால் எப்படி? ஒரு வயது கடந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டியதில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதுவே வயிற்றை அடைத்துக்கொண்டால் இரத்தச் சோகை வரும். என் மகனுக்கு வந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகின்றேன். அன்று நான் பாலைக் குறைக்கவில்லை, மூக்கைப் பிடித்தேன்.

கருவுற்றிருக்கும் மருமகள் உள்ள வீட்டார்க்கு ஒரு சொல். கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ காரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பின்னர்க் காரட் கலந்த கூழைக் கொடுத்தபோது குறைவாகவே முகம் சுளித்தன என்று 2001-இல் பிலடெல்பியாவில் நடந்த ஆய்வு தெரிவித்தது. தாய் உண்பதன் சுவை குழந்தையை எட்டுகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்கறி, கீரை, பழம் எல்லாவற்றையும் பத்தியம் என்று விலக்கி, மாதக்கணக்கில் ஒரே ஆணத்தைக் கொடுக்கும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

எனினும் எல்லா மறுப்பையும் பருவத்தின் இயல்பு என்று விட்டுவிடலாகாது. பிள்ளையின் எடை ஏறாமல் நின்றுவிட்டாலும், உண்ணும் பொருள்கள் மாதத்திற்கு மாதம் குறைந்துகொண்டே வந்து நாலைந்தில் நின்றுவிட்டாலும், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலும், குமட்டினாலும், வெளிறிச் சோர்ந்திருந்தாலும், மண்ணும் சுண்ணாம்பும் தின்றாலும் குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும்; மருத்துவரிடம் போவதையும் கைவிட வேண்டாம்.

பேத்தி எங்களுடன் இருந்தது இருபத்தாறு நாட்கள். மறுநாளிலிருந்து கீரையை ஆய என்னுடன் முற்றத்தில் அமர்ந்தாள். காம்பிலிருந்து இலையை உருவுவது அவளுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது. ஓர் இலையை நாவில் வைத்துத் துப்பினாள். ஒரு நாள் முட்டையுடன் கலந்து வறுத்ததில் முட்டையை மட்டும் பொறுக்கி உண்டாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கூறவில்லை. அந்தப் பெண்ணின் தோள் அன்றுதான் சற்றுத் தளர்ந்தது. பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, இரண்டு விரல் நுனியில் எடுத்துத் தானாகவே வாயில் போட்டுக்கொண்டாள். பிடித்தது என்று கூற மாட்டேன். விழுங்கிவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் விரிப்பில் எல்லாரும் அமர்ந்திருந்தோம். என் மகன் மகளைப் பார்த்தான். பிறகு தன் தட்டை என் பக்கம் நகர்த்தி, "உம்மா, எனக்கும் கொஞ்சம் கீரை வையுங்கள்" என்றான். என் கை நடுங்கிற்று. மிகச் சிறிதாக வைத்தேன். வாயில் இட்டு மென்றான். உடனே தண்ணீர் குடித்தான்.

"வாப்பா, உங்களுக்கும் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள் அவள்.

"இன்னும் பிடிக்கவில்லை" என்றான்.