"ஐ7 கேமிங் செட்" விற்கிறவர்களுக்கும், விசாரிக்காமல் காசு கொடுக்கிற நமக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வாங்க இருக்கிற பெற்றோராவது கடைசிவரை வாசியுங்கள்.

போன வாரம் கொட்டாஞ்சேனையில் இருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வாப்பா கட்டாரில் டிரைவர். சாதாரண தரப் பெறுபேறு நல்லா வந்ததற்காக மகனுக்கு 95,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அதை இவன் கொண்டுபோய், "ஐ7 கேமிங் செட், 4 ஜிபி கார்ட், 750 வொட் பவர் சப்ளை" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்ட ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். அவன் விளையாட ஆசைப்பட்டது வலோரண்ட். முதல் நாளே அது திறக்கவில்லை. கடையில் கேட்டால், "மெஷின்ல ஒண்டும் பிழையில்ல தம்பி, கேம்லதான் பிழை" என்றார்களாம்.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஐ7 தான். ஐ7-2600, 2011 இல் சந்தைக்கு வந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இது இரண்டாம் தலைமுறை. ஏதோ குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 இல் வலோரண்ட் டிபிஎம் 2.0 கேட்கும். அந்த போர்டில் அது இல்லை. விண்டோஸ் 10க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. கார்ட் ஜிடி 730, 2014 ஆம் ஆண்டுச் சரக்கு.

கவனியுங்கள், விளம்பரத்தில் ஐ7 என்றதும் பொய்யில்லை, 4 ஜிபி என்றதும் பொய்யில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

4 ஜிபி என்பது ஸ்டோர்ஸின் அளவு மட்டும். புறக்கோட்டைக் குறுக்குத்தெருவில் எவ்வளவு பெரிய ஸ்டோர்ஸ் வைத்திருந்தாலும் லொறி நுழைகிற வழி ஒடுக்கமென்றால் சாமான் எப்படி இறங்கும்? ஜிடி 1030 என்ற கார்டைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வகை. ஜிடிடிஆர்5 வகையில் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகையில் 16.8. பெட்டியில் அந்த ஒரு வரியைப் பார்க்காதவன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு வீட்டுக்குப் போவான். ஆர்எக்ஸ் 580 கதையும் இப்படித்தான். உண்மையான 580 இல் 2304 கோர்கள். "2048எஸ்பி" என்ற வாலோடு வருவது 570 இன் அளவுதான். எத்தனை விளம்பரங்களில் அந்த வாலை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள் என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

வியாபாரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 2022 இல் சில வாரங்களில் 360 அளவுக்குப் போனது. 2024 ஜனவரியில் வட் 18 வீதமானது. விலை கூடியதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. பழைய மெஷின் விற்பதும் தவறில்லை. ஒஃபிஸில் கழித்த மெஷினில் படித்து முன்னேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். "2011 மெஷின், இந்தக் கேம் ஓடாது" என்று சொல்லி விற்க வேண்டியதுதானே? நனைந்த தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பிய வியாபாரியின் செய்தியைக் கேட்காதவர் நம்மில் உண்டா?

இனி நம் பக்கம். இந்தப் பிள்ளை ஏன் தனியாகக் கடைக்குப் போனான்? உம்மாவுக்குத் தெரியாது, சாச்சாவிடம் கேட்டதற்கு "கேமுக்குத்தானே, என்னத்தையாவது வாங்கு" என்றிருக்கிறார். ஃபிரிட்ஜ் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். மோட்டார் சைக்கிள் என்றால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கொம்பியூட்டர் என்றால் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் காசைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறோம். அதே மெஷினில்தான் அவன் நாளைக்கு உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கப் போகிறான். சரி, விளையாட்டுக்கு மட்டும் என்றே வைத்துக்கொள்வோம். விளையாட்டுச் சாமான் என்பதால் ஏமாற்றினது ஹலாலாகிவிடுமா? பாலைவன வெயிலில் ஓட்டி அனுப்பிய காசு அது.

வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஐ3, ஐ7 என்பதை மறந்துவிட்டு அதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள். 2022 இல் வந்த ஐ3-12100 க்கும் அந்தப் பழைய ஐ7 போலவே நாலு கோர், எட்டு திரெட். வேகத்தில் ஐ7 கிட்டவும் நிற்காது. காசு குறைவென்றால் 12100, ஒரு எச்610 டிடிஆர்4 போர்ட், 16 ஜிபி ரேம் இவ்வளவோடு நில்லுங்கள். செட்டிங்கைக் குறைத்தால் வலோரண்ட் அதிலேயே ஓடும். கார்டைப் பிறகு போடலாம். "எஃப்" என்று முடிகிற 12100எஃப் விலை குறைவுதான், ஆனால் கார்ட் இல்லாமல் திரையில் படமே வராது.

பாவித்த கார்ட் வாங்குவதென்றால், 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்ற பிறகு இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகக் கைமாறின என்பதை நினைவில் வையுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் எத்தனை கோர் என்று தெரிந்துவிடும். காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பவர் சப்ளையில்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிழையான இடம். பக்கத்தில் ஒட்டியிருக்கிற லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். இவனுடையதில் 20. பன்னிரண்டை இருபதால் பெருக்கினால் 240 வொட். மேலே பெரிய எழுத்தில் 750! ஆர்எக்ஸ் 580 கார்ட் மட்டுமே 185 வொட் இழுக்கும். அது எரிந்தால் போர்டையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

பில்லில் "கேமிங் செட்" என்று எழுதவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளின் மொடல் எண்ணும் தனித்தனியாக வரவேண்டும். வொரண்டி ஒரு வருடம் என்பார்கள், பின்பக்கச் சிறிய எழுத்தில் 350 நாள் என்று இருக்கும், அதையும் வாசியுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 க்கு அழைக்கலாம். அழைக்கவும் கையில் ஒழுங்கான பில் வேண்டும்.

அவனுடைய பெட்டியில் எஸ்எஸ்டி, கேஸிங், கீபோர்ட் மூன்றும் தேறும். மற்றதை மாற்ற வேண்டும். வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறான், இன்னும் சொல்லவில்லை.

வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்கு யுனிட்டி பிளாஸா ஒரு பஸ் தூரம்தான். மூன்று கடையில் மொடல் எண்ணோடு விலை எழுதி வாங்குங்கள். காசு கொடுக்க முன் அந்தத் துண்டைப் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். பாடசாலை விட்டு வந்து பார்த்துப் பதில் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.