வானம் தெரியட்டும், வெயில் படாதிருக்கட்டும்



நம் வாசகர்களுள் சொந்தக் கார் வைத்திருப்போரும், வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்தாரும் பலர் உளர். வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி அவர்களுக்குப் புதிதன்று. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப்பணி வாகனங்களில் இக்கருவியும் அபாயப் பொத்தானும் இருத்தல் வேண்டும் என மத்திய அரசு விதித்தது. மூன்று சக்கர வண்டிகள் முதலிய சிலவற்றுக்கே விலக்கு. இரவில் தனியே வரும் ஒரு பெண் அப்பொத்தானை அழுத்தினால், வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியது இக்கருவியே. அது சொல்லத் தவறினால், பொத்தான் இருந்தும் பயன் என்ன? ஆகவே, அதன் ஆண்டெனாவை எங்கே பொருத்துவது என்பது சிறு செய்தியன்று.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை நம்மை அடையும்போது மிகவும் மெலிந்து விடுகிறது. இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். உலோகத் தகடு அதனைத் தடுத்துவிடும். சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழிவிடும். இவ்வொரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வானம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலரும் ஆண்டெனாவை டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்கு நேர் கீழே ஒட்டிவிடுகின்றனர். வண்டியின் உள்ளே மிக அதிகமாகச் சூடேறும் இடம் அதுவே. கண்ணாடி வழியே நுழையும் வெயில் கறுத்த டாஷ்போர்டைச் சுட வைக்கிறது. அச்சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆய்வாளர்கள் இதை அளந்து 2018 இல் வெளியிட்டனர். சுமார் 38 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கோடை நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிகளின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியை எட்டியது. நிழலில் நின்றவற்றில் அது 48 டிகிரிதான். நம் திண்டுக்கல்லின் சித்திரை வெயிலும் அதற்கு அதிகம் இளைத்ததன்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் பேகம்பூரில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஜும்ஆ முடிந்து திரும்புவதற்கும் ஏறத்தாழ அதே ஒரு மணி நேரம் ஆகிறது அல்லவா?

பொதுவாக ஆண்டெனாக்கள் 85 டிகிரி வரை தாங்குமாறு செய்யப்படுகின்றன. எனவே, பெரும்பாலும் முதலில் கெடுவது அதுவன்று. அதனைப் பிடித்திருக்கும் ஒட்டு நாடாதான். பசை இளகி ஆண்டெனா நழுவிக் கவிழ்ந்துவிட்டால், அது வானத்தை விட்டுத் தரையைப் பார்க்கிறது. கம்பியின் உறையும் நாளடைவில் இறுகி வெடிக்கக்கூடும். கருவிப் பெட்டிக்குள் உள்ள பேட்டரியோ வெப்பத்தை இன்னும் குறைவாகவே தாங்கும்.

அப்படியானால் எங்கே பொருத்துவது?

முதல் இடம், டாஷ்போர்டின் மேற்பலகைக்கு அடியில். பலகை பிளாஸ்டிக்காக இருப்பதால் சமிக்ஞை உள்ளே வரும். வெயில் நேரே படாது. ஆண்டெனாவின் முகம் மேல்நோக்கியிருக்கட்டும். அதற்கு மேலே இரும்புச் சட்டம் எதுவும் குறுக்கிடலாகாது. ஹீட்டர் குழாய்களை ஒட்டியும், இடப்பக்கம் ஏர்பேக் விரியும் இடத்திலும் வைக்கவே கூடாது.

இரண்டாம் இடம், முன்கண்ணாடியின் மேல் விளிம்பில், பின்புறம் பார்க்கும் கண்ணாடியின் மறைவில். ஓட்டுநரின் பார்வையை மறைக்காத அளவில் அமைய வேண்டும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாயின் இவ்விரு இடங்களிலும் சமிக்ஞை குன்றும்.

அந்நிலையில் மூன்றாம் இடமாகிய கூரையே சிறந்தது. வெயில் நேரே பட்டாலும், அங்கே சூடு அடைபட்டுக் கிடப்பதில்லை. வண்டி ஓடும்போது காற்றும் ஆற்றிவிடும். ஆனால், வெளியில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட, நீர் புகாத ஆண்டெனாவாக இருத்தல் அவசியம். கம்பி கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிப் பெட்டிக்கு வானம் தெரிய வேண்டியதில்லை. ஆண்டெனா தனியாக உள்ள கருவியாயின், பெட்டியை டாஷ்போர்டின் கீழே, நிழலான பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் வழி பார்ப்போர் அதனை முன்கண்ணாடியில் தொங்கவிடாமல், ஏ.சி. காற்று வரும் இடத்தில் மாட்டலாம். இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். 45 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஐபோனை வைக்கலாகாது என ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது.

பொருத்தி முடித்ததும் அன்றே பணம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கட்டடமும் மரமும் இல்லாத திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, எத்தனை செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன எனக் காட்டச் சொல்லுங்கள். பின்பு, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மறுமுறையும் பாருங்கள். இரண்டாம் சோதனையில் தேறுவதே நம் ஊருக்கு ஏற்ற வேலை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மேலே கூறிய ஆய்வு கருவிகளுக்காகச் செய்யப்பட்டதன்று. வண்டிக்குள் விடப்படும் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உள்ளே இருந்தால், வெயிலில் ஒரு மணி நேரத்திற்குள்ளும், நிழலில் இரண்டு மணி நேரத்திற்குள்ளும் அதன் உடல்வெப்பம் ஆபத்தான 40 டிகிரியை எட்டிவிடும் என அவர்கள் கணக்கிட்டனர். ஆண்டெனாவுக்கு நிழல் போதும். குழந்தைக்கு நிழலும் போதாது. கடைக்குள் ஒரு நிமிட வேலைதான் என்றாலும், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே இறங்குங்கள்.