பெய்வது எங்கள் பாடு, தேங்குவது உங்கள் பொறுப்பு

பன்னாட்டுச் சாரணர் முகாம்களின் மழைநாள் வாழ்க்கை குறித்த கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: உலகச் சாரணர் குழு, 2027இல் ஜம்போரி என்னும் உலகச் சாரணர் பெருமுகாமை நடத்தவிருக்கும் போலந்துச் சாரணர் சங்கம், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் அந்தந்த நாட்டுச் சாரணர் அமைப்புகள்.

விடுப்போர்: முகாமில் கூடாரம் அடித்துப் படுப்பவர்கள், அவர்களை அழைத்துப் போகும் சாரண ஆசிரியர்கள், வழியனுப்பிவிட்டு வந்து வானிலைச் செய்தியையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்.

மழை பெய்யக் கூடாது என்று யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை. முகாமுக்குப் போனால் நனைவோம்; அது தெரிந்துதான் பெயர் கொடுக்கிறோம். ஆனால் முகாம் சேறாகும் ஒவ்வொரு முறையும் எங்கள் முறையீட்டுக்கு ஒரே பதில்தான் வருகிறது: “நீங்கள் சாரணர்கள் அல்லவா, எதற்கும் தயாராக இருக்க வேண்டாமா?” தயாராக இருக்க வேண்டும் என்ற கட்டளை பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மட்டும் போடப்பட்டதல்ல. முகாமை நடத்துகிறவர்களும் அதே ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் மேடையில் நிற்கிறார்கள். வானத்திலிருந்து பெய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெய்தது வடியாமல் எங்கள் படுக்கைக்கு அடியில் நின்றால், அதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இந்தச் சாசனத்தின் கோரிக்கைகள் எல்லாம் இந்தப் பாகுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

மழை இந்த இயக்கத்துக்குப் புதிதல்ல. 1929இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் அருகே ஆரோ பூங்காவில் மூன்றாவது உலக ஜம்போரி நடந்தது. இயக்கத்துக்கு 21 வயது நிறைந்த விழா அது. மழை விடாமல் பிடித்துக்கொள்ள, பூங்கா முழுக்கச் சேறு. ‘சேற்று ஜம்போரி’ என்ற பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்குப் பிரபுப் பட்டம் அறிவிக்கப்பட்டதும் அங்கேதான். உலகெங்கும் சாரணர்கள் ஆளுக்கொரு பென்னி போட்டு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரும், அது இழுத்துச் செல்ல ஒரு வீட்டுவண்டியும் வாங்கி அவருக்குக் கொடுத்தார்கள். சேற்றில் நின்றவர்கள் கூரையுள்ள வண்டியைத் தலைவருக்குப் பரிசளித்த அந்த வேடிக்கையை நாங்கள் அன்போடுதான் நினைக்கிறோம். 1957இல் சட்டன் பூங்காவிலும் இடியும் மழையும் முகாமைப் புரட்டின. 1971இல் ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்து அசகிரி மேட்டில் புயல் வந்து, ஆயிரக்கணக்கானோரை முகாமிலிருந்து இடம் மாற்ற வேண்டியதாயிற்று. இவற்றில் எதையும் நாங்கள் குற்றப்பட்டியலில் சேர்க்கவில்லை.

தென்கொரியாவின் சேமான்கும் அப்படியல்ல. 33.9 கிலோமீட்டர் கடற்சுவர் கட்டி மீட்ட பெருநிலத்தின் ஒரு மூலையை 2023 ஆகஸ்டில் நடந்த 25ஆவது ஜம்போரிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதை நிரப்பி முடித்ததே 2022 இறுதியில்தான். விவசாய நிலம் என்ற கணக்கில் நிரப்பியதால் தட்டையாக விட்டுவிட்டார்கள். தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் இல்லை. 2022 கோடையில் நடக்க வேண்டிய முன்னோட்ட முகாம், கொரோனாவைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. 2023 ஜூலைப் பருவமழையில் திடல் குளமாக நின்றது. தண்ணீர் வடிய வழி செய்வதற்குப் பதில், கூடாரத்துக்கு அடியில் வைக்கப் பிளாஸ்டிக் தட்டுப்பலகைகள் வந்தன. பிறகு வெயில் அடித்தது. தேங்கிய நீரும் வெக்கையும் பூச்சியும் சேர்ந்துகொள்ள, நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் சுருண்டார்கள். ஏறக்குறைய 4,500 பேரோடு வந்திருந்த பிரிட்டன் குழு முகாமைவிட்டு வெளியேறியது. அமெரிக்காவும் சிங்கப்பூரும் வெளியேறின. கானூன் புயல் நெருங்கியதும் ஆகஸ்ட் 8ஆம் தேதி மிச்சமிருந்தவர்களை எல்லாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வெயிலும் புயலும்தான் செய்தியில் பெரிதாக வந்தன. ஜூலையில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தது என்பது எங்கள் துணிபு.

எனவே எங்கள் முதல் கோரிக்கை நிலத்தைப் பற்றியது.

முகாம் எந்த மாதத்தில் நடக்குமோ அதே மாதத்தில், ஓராண்டு முன்னதாக, முன்னோட்ட முகாம் நடந்தே தீர வேண்டும். ஆயிரம் பேராவது அங்கே கூடாரம் அடித்துப் படுத்து எழ வேண்டும். எந்தக் காரணத்தாலாவது அது நடக்காமல் போனால், முகாம் நடத்தும் உரிமை தானாகவே மறுபரிசீலனைக்கு வர வேண்டும். திடலின் மேடுபள்ள வரைபடம், நிலத்தடி நீர்மட்டம், வடிகால் திட்டம் மூன்றையும் கட்டணம் வாங்குவதற்கு முன்பே வெளியிடுக. நடத்துகிற நாட்டின் சம்பளம் வாங்காத பொறியாளர்கள் ஒரு கனமழைக்கு மறுநாள் திடலில் நடந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். வெயில்நாளில் போய்ப் பார்த்துவிட்டு எழுதும் அறிக்கை எங்களுக்கு வேண்டாம்.

அடுத்த ஜம்போரி 2027 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 8 வரை போலந்தின் கடான்ஸ்க் நகரை ஒட்டிய சோபியெஷெவோ தீவில் நடக்கவிருக்கிறது. தண்ணீர் உண்டாக்கிய தீவு அது. 1840இல் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதால் விஸ்துலா ஆறு ஒரு பக்கம் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது. 1895இல் வெள்ளத்துக்குப் பயந்து மறுபக்கம் மனிதர்களே ஒரு கால்வாய் வெட்டினார்கள். இரண்டுக்கும் இடையில் நின்றுபோன நிலம்தான் இன்றைய தீவு. சுற்றியுள்ள கழிமுகச் சமவெளியில் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயல்களும் உண்டு. ஜூலைதான் அங்கே மழை மிகுந்த மாதம். 2016 ஜூலையில் கடான்ஸ்க் நகரில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தெருக்கள் மூழ்கின. தீவு கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. பல நூறு ஆண்டுகளாகத் தண்ணீரை வடித்துப் பழகிய ஊர் அது. சேமான்குமில் இல்லாத அறிவு அங்கே உண்டு. அந்த அறிவு விளம்பரத் துண்டுப்பிரசுரத்தில் நிற்காமல் திடலில் வாய்க்காலாகத் தெரிய வேண்டும்.

அந்தக் காலத்துச் சாரணன் கூடாரத்தைச் சுற்றித் தானே வாய்க்கால் தோண்டிக்கொண்டான். இன்று புல்தரையைக் கெடுக்கக் கூடாது என்ற விதியால் மண்வெட்டியை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். விதி சரியானதே. ஆனால் மண்வெட்டியை வாங்கிக்கொண்டவர்களுக்கு வாய்க்காலும் சேர்ந்து வருகிறது.

பாதையைச் சேறாக்குவது பெரும்பாலும் எங்கள் கால்கள் அல்ல. குடிநீர் லாரி, கழிவு உறிஞ்சும் லாரி, சாப்பாட்டுச் சாமான் லாரி ஆகியவை ஈரத்தரையில் ஒரு முறை போனால் போதும், சக்கரத் தடம் அடுத்த மழைக்குக் குட்டையாகிவிடும். வண்டிக்குக் கெட்டிப் பாதை தனியாகவும், நடப்பவர்களுக்குப் பலகைப் பாதை தனியாகவும் வேண்டும். மழை வந்த பிறகு வைக்கோல் தூவுவது கண்துடைப்பு. இரண்டு நாளில் அது அழுகி நாறும்.

இனி ஈரத்துணி. முகாம் நடத்துகிறவர்கள் இதை அற்பமாக நினைப்பதால் விரித்தே சொல்கிறோம். ஓர் அலகில் 36 பிள்ளைகள், நான்கு பெரியவர்கள். ஒன்பது பேர் கொண்ட நான்கு அணிகள். இரவு மழை பெய்தால் காலையில் விழித்ததும் முதல் வேலை பல் துலக்குவதல்ல, யார் பையில் தண்ணீர் புகுந்தது என்று தேடுவது. தூங்கும் பை ஓரத்தில் நனைந்திருக்கும். காலணி நேற்றையிலிருந்தே ஈரம். உலர்ந்த காலுறை கடைசி ஒரு ஜோடி மிச்சம். அதை இப்போது போடுவதா, இரவுக்கு வைப்பதா என்று ஒரு பெரிய விவாதம். விவரமுள்ள அணித்தலைவி இரவுக்கு வைக்கச் சொல்வாள், ஈரக் காலுறையையே பிழிந்து போட்டுக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போவார்கள். கூடாரக் கயிற்றில் தொங்கும் துணி மறுநாளும் காயாது, காற்றிலேயே ஈரம். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் பாதத் தோல் வெளுத்து ஊறி, விரலிடுக்கில் வெடித்துப் புண்ணாகும். நான்காம் நாள் அந்தப் பிள்ளை மருத்துவக் கூடாரத்தின் வரிசையில் நிற்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது மருந்தல்ல, முதல்நாள் இரவே காய்ந்த ஒரு ஜோடி காலுறை.

ஆகவே ஒவ்வொரு துணைமுகாமிலும் வெப்பக்காற்று ஓடும் ஓர் உலர்கூடம் வேண்டும். இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். தூங்கும் பையைக் காயவைக்கும் பெரிய எந்திரங்கள் சிலவும் வேண்டும். கைப்பேசிக்கு மின்னூட்டம் தரக் கூடாரம் போட முடிகிறவர்களுக்கு இது முடியாத காரியமல்ல. மழை தொடரும் நாள்களில் மாலைதோறும் பாதப் பரிசோதனை நடக்கட்டும். சிரிப்பு வந்தால் வரட்டும், நடக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில் எங்களுக்குச் சமரசமே இல்லை. மழையில் பற்றவைக்க முடியாமல் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது பசித்த பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும். மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவர் எழுவதில்லை. தடை அறிவிப்புப் பலகை போதாது. பக்கம் திறந்த, கூரை உறுதியான சமையற்கொட்டகை அணிக்கொன்று இருந்தால்தான் தடையைக் கடைப்பிடிக்க முடியும். பற்றவே வைக்க முடியாத நாளுக்குத் துணைமுகாம் சமையலறையிலிருந்து சூடான கஞ்சியோ சூப்போ வர வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் மழைநாளில் ரொட்டியும் ஆப்பிளும் மட்டும் மிஞ்சும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கழிப்பறை: கூரையோடு, விளக்கோடு, பலகைப் பாதையின் முடிவில். சுத்தம் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். பணம் கட்டி வந்திருக்கும் பன்னாட்டுச் சேவைக் குழுத் தன்னார்வலர்கள் தலையில் கட்டாதீர்கள். மாதவிடாய் நாளில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு உலர்ந்த இடமும், வெந்நீரும், கேட்டு வாங்கத் தேவையில்லாதபடி அணையாடையும்.

தொடக்க விழாவில் மழை பெய்தால் சீருடை விதி தளர வேண்டும், மழைக்கோட்டுக்கு மேல் ஸ்கார்ஃப் போதும். மேடைக்குக் கூரையும் திடலுக்கு வானமும் இருக்கும்போது உரைகள் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வேண்டுமானால் விருந்தினர்களும் இறங்கி வந்து எங்களோடு நிற்கட்டும். அப்போது உரை எப்படியும் சுருங்கிவிடும்.

வெப்பநாடுகளிலிருந்து வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால்டிக் கடலோரத்து ஈர இரவுக்குத் தேவையான தூங்கும் பையையும் தரைமெத்தையையும் பத்து நாளுக்காக விலை கொடுத்து வாங்க எல்லா வீடுகளாலும் முடியாது. பயணச்சீட்டுக்கே கடன் வாங்கி அனுப்பும் பெற்றோர் எங்களில் உண்டு. முகாமிலேயே ஒரு கருவிக் கிடங்கு வையுங்கள். கேட்கும் பிள்ளையிடம் ஏழ்மைச் சான்று கேட்காமல், நூலகத்தில் புத்தகம் தருவது போலக் கொடுத்து வாங்குங்கள்.

மின்னலுக்கும் புயலுக்கும் எழுதிவைத்த வரம்பு வேண்டும்: காற்று இந்த வேகத்தைத் தாண்டினால் கூடாரம் காலி, மின்னல் இந்தத் தூரத்துக்குள் வந்தால் அனைவரும் கட்டடத்துக்குள். எந்த அலகு எந்தக் கட்டடத்துக்குப் போகும் என்ற பட்டியல் முகாம் தொடங்குமுன் ஒவ்வொரு சாரண ஆசிரியர் கையிலும் இருக்க வேண்டும். சேமான்குமிலிருந்து கிளம்பிய பேருந்துகளுக்குத் தங்குமிடத்தை அவசர அவசரமாகத் தேடியது போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறலாமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அலகின் ஆசிரியருக்கு இருக்க வேண்டும். அப்படி வெளியேறியவரைக் கோழை என்றும் இயக்கத்தின் மானத்தை வாங்கியவர் என்றும் பேசுவதைத் தலைமை அனுமதிக்கக் கூடாது.

மழைநாளுக்கென்று தனி நிகழ்ச்சிநிரலும் கேட்கிறோம். படகோட்டமும் கயிற்றேற்றமும் ரத்து என்ற அறிவிப்போடு நாள் முடிந்துபோகிறது. பிள்ளைகள் கூடாரத்துக்குள் கைப்பேசியைத் தடவிக்கொண்டு கிடக்கிறார்கள். பெரிய கொட்டகைகளைத் திறந்து பெஞ்சு போட்டால் போதும். சின்னம் மாற்றிக்கொள்வதும், பக்கத்து நாட்டு அணியின் அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப்பார்ப்பதும், பாட்டும் சண்டையும் தானாக நடக்கும்.

எங்கள் தரப்பில் நாங்கள் ஏற்றுக்கொள்பவை: இரண்டு ஜோடி உலர்துணியை நீர்புகாப் பையில் கட்டி வருவோம். முளையைச் சாய்த்து அடிக்கவும், நைலான் துணி நனைந்து தொய்ந்தால் நள்ளிரவிலும் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டவும் ஊரிலேயே பழகி வருவோம். கூடாரத்தில் அடுப்பு எரிக்கமாட்டோம். பக்கத்துக் கூடாரம் விழுந்தால் எந்த நாடு என்று பார்க்காமல் போய்த் தூக்குவோம். வெறும் மழைக்காக யாரும் வீட்டுக்குத் தொலைபேசி செய்து அழமாட்டோம் என்று மட்டும் உறுதி தர முடியாது, முதல் இரவு சிலர் அழுவார்கள்.

பதிலை எழுத்தில் கேட்கிறோம். நாடுகள் பங்கேற்புக் கட்டணத்தின் கடைசித் தவணையைச் செலுத்துமுன் அது எங்கள் கைக்கு வர வேண்டும். ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரே எழுதி, ஏற்காதவற்றுக்குக் காரணத்தையும், ஏற்றவற்றுக்குப் பொறுப்பாளர் யார் என்பதையும், வேலை முடியும் தேதியையும் குறிப்பிடுக. வடிகால் வரைபடத்தை அதனோடு இணைத்து அனுப்புக.